நீங்க ஒருவாட்டி வாசிங்க சார்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வட்டார அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து போனார்கள். டீ, பிஸ்கட், ஓடுகிற ஒரே மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி. தருவைவிளை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி என்ற நீளமான பெயருக்குள் நாங்கள் இரண்டே ஆசிரியர்கள். தலைமையாசிரியை ஜெபராணி டீச்சருக்கு நான்காம், ஐந்தாம் வகுப்புகள். எனக்கு ஒன்று முதல் மூன்று வரை. பிள்ளைகள் நாற்பத்தொரு பேர், முக்கால்வாசி உப்பளத்து வீடுகளிலிருந்து வருகிறவர்கள்.

மூன்றாம் வகுப்பில் யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள் என்றார்கள். யாரையாவது என்றால் எங்கள் பள்ளியில் சந்தனமாரி என்று அர்த்தம். எட்டு வயது, எண்ணெய் வழியும் இரட்டைச் சடை, கணீரென்ற குரல். வழக்கம்போல முதலில் நான் ஒரு தடவை வாசித்துக் காட்டினேன். ஆசிரியர் வாசிக்கப் பிள்ளை கேட்க வேண்டும், பிறகு பிள்ளை வாசிக்க வேண்டும். இருபத்தாறு வருடமாக என் முறை அதுதான். அவள் விரலை வரியின் கீழே ஓட்டிக்கொண்டு ஒரு முழுப் பக்கத்தைத் திக்காமல் வாசித்தாள். நிற்க வேண்டிய இடத்தில் நின்றாள். கேள்வி வந்த இடத்தில் குரலை உயர்த்தினாள். வந்தவர்களில் பெரியவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கைதட்டினார்.

"உப்பளத்து வீட்டுப் பிள்ளையா? நம்ப முடியலையே" என்றார். உப்பளத்து வீட்டில் பிறந்தால் எழுத்து கண்ணுக்குத் தெரியாதா என்று கேட்க வாய் வரை வந்தது. அதற்குள் "எல்லாம் உங்க உழைப்பு சார்" என்றுவிட்டார். தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கமாகத் தலை குனிவதற்கும் பழக்கம் வேண்டும். எனக்கு உண்டு.

நவம்பர் பதினான்காம் தேதி நடக்கும் வட்டார வாசிப்புப் போட்டிக்கு எங்கள் பள்ளி சார்பில் அவள் பெயரை அங்கேயே எழுதிக்கொண்டார்கள். மேடையில் ஏறிய பிறகுதான் வாசிக்க வேண்டிய பக்கத்தைக் கையில் கொடுப்பார்களாம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

வண்டி பஞ்சர். உப்பளச் சாலையில் இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தேன். புது சாக்பீஸ் பெட்டி வந்திருக்கிறது, தொட்டால் உடைகிறது.

ஆகஸ்ட் 21, வியாழன்

நான்காம் பாடம், ஒரு கிளியும் பனம்பழமும் பற்றிய கதை. காலையில் நான் வாசித்துக் காட்டினேன். மதியம் பிள்ளைகள் முறை. சந்தனமாரி வாசித்து முடித்ததும் ஜெனிட்டா எழுந்து நின்றாள். ஜெனிட்டா எழுத்துக்கூட்டி வாசிக்கிறவள், ஒரு பக்கத்துக்கு ஒரு யுகம் எடுப்பாள்.

"சார், சந்தனம் ஒரு வரிய விட்டுட்டா."

'கிளிக்குத் தண்ணீர்த் தாகம் எடுத்தது' என்ற வரி. மறுபடி வாசிக்கச் சொன்னேன். மறுபடியும் அதே இடத்தில் அந்த வரியைக் காணோம். கொஞ்சமும் தடுமாறாமல் அடுத்த வரிக்குப் போனாள். அவசரத்தில் விட்டிருப்பாள் என்று சொல்லி இருவரையும் உட்கார வைத்தேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது நினைவுக்கு வந்தது. காலையில் நான் வாசிக்கையில் சத்துணவுக் கூடத்திலிருந்து சோறு அடிப்பிடிக்கும் வாடை வந்தது. ஒரு நொடி அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். திரும்பக் குனிந்தபோது கண் ஒரு வரி தள்ளி விழுந்திருக்கிறது. அந்த வரியை விட்டவன் நான்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

விளையாட்டு வேளையில் அவளை மட்டும் நிறுத்திக்கொண்டேன். இன்னும் நடத்தாத பதினோராம் பாடத்தைத் திறந்து கொடுத்து வாசிக்கச் சொன்னேன். படத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீங்க ஒருவாட்டி வாசிங்க சார், பொறவு நான் வாசிக்கேன்."

ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னால் இதைச் சொல்வாள். மரியாதைக்குச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். "இல்லம்மா, நீயே வாசி" என்றேன். முதல் எழுத்தின் கீழே விரலை வைத்தாள். படத்தில் ஒரு தோணி இருந்தது. "ஒரு ஊரில் ஒரு தோணி இருந்தது" என்று அழகாக ஆரம்பித்தாள். பக்கத்தில் அப்படி எதுவும் இல்லை. விரல் மட்டும் சரியான வேகத்தில் ஓடியது.

"சரியா சார்?" என்று கேட்டாள்.

"சரி. போய் விளையாடு" என்றேன்.

அவளுக்கு வாசிக்கத் தெரியாது. இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஆகஸ்ட் 25, திங்கள்

எழுத்து அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டிப் பார்த்தேன். பத்தொன்பது எழுத்து தெரிகிறது. தன் பெயரை எங்கே கண்டாலும் சொல்வாள், ஆனால் அதிலிருக்கும் 'ரி'யைத் தனியே காட்டினால் முழிக்கிறாள். கரும்பலகையில் எழுதிப் போட்டதை அச்சு மாதிரி பார்த்து எழுதுவாள். அந்த நோட்டைத்தான் எத்தனை பேரிடம் காட்டியிருக்கிறேன்.

காதில் ஒருமுறை விழுந்தால் போதும், அவளுக்குப் பதிந்துவிடுகிறது. சுதந்திர தினத்தில் நான் பேசியதை அன்று மாலையே இருமல் உட்படத் திருப்பிச் சொன்னாளாம், ஜெனிட்டா சொல்கிறாள். இப்படி ஒரு நினைவு இருக்கும்போது எழுத்தைத் தேடிப் போகும் அவசியம் அவளுக்கு வரவே இல்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னிடம்தான் படிக்கிறாள்.

நாளை முதல் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம். டீச்சரிடம் இப்போது சொல்ல வேண்டியதில்லை. நவம்பருக்குள் தேறிவிட்டால் யாருக்கும் தெரிய வேண்டியதே இல்லை. பிள்ளை மனசு நோகக் கூடாது, அதற்காகத்தான்.

செப்டம்பர் 3, புதன்

ஒரு தட்டில் உப்பைப் பரப்பி விரலால் எழுத்துப் போடச் சொன்னேன். உப்பளத்துப் பிள்ளைக்கு உப்பிலேயே எழுத்து என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"மாட்டேன் சார். அம்ம கையெல்லாம் வெடிச்சிருக்கு. உப்பு பட்டு எரியுதுன்னு ராத்திரி தூங்க மாட்டா. நான் அதுல வெளையாட மாட்டேன்."

தட்டை எடுத்து வைத்துவிட்டேன். வராந்தாத் தரையில் சாக்பீஸால் எழுதினோம். ககர வரிசையில் பாதி தேறியது.

செப்டம்பர் 18, வியாழன்

காலாண்டு அடைவுப் பதிவேடு முடித்துக் கொடுத்தேன். மூன்றாம் வகுப்பில் பதின்மூன்று பேர். எல்லாக் கட்டமும் நிரப்பியாயிற்று, சந்தனமாரியின் வாசிப்புக் கட்டம் உட்பட. டீச்சர் வாங்கிக் கையெழுத்துப் போட்டார், ஒன்றும் கேட்கவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. சொல்லிக் கொடுத்ததில் பாதி போய்விட்டது. கொம்பு எந்தப் பக்கம் போட்டாலும் அவளுக்கு ஒன்றுதான். கெ-யும் கொ-வும் கே-யும் ஒரே குட்டையில் விழுந்து கிடக்கின்றன. இன்னும் ஐந்து வாரம். கோபம் வந்து கத்திவிட்டேன். "எத்தனை தடவ சொல்லுதது? ரெண்டு வருசமா என்னத்தைத்தான் பாத்துக்கிட்டு இருந்த?"

அழவில்லை. யோசித்துச் சொன்னாள். "நீங்க வாசிப்பிய, நான் கேட்டுக்கிட்டு வாசிப்பேன். அதான சார் வாசிக்கது? போன வருசம் பெரிய சார்மாரு வந்தாவள்லா, அன்னைக்கு நான் வேற பக்கத்த விரிச்சு வச்சிருந்தேன். நீங்கதான பக்கத்துல வந்து சரியான பக்கத்தத் திருப்பித் தந்திய. பொறவுதான் வாசிச்சேன்."

பிள்ளைகள் எதையாவது சொல்லும். மழை வரும்போல் இருந்தது, சீக்கிரமே மணி அடித்துவிட்டோம்.

அக்டோபர் 8, புதன்

கழிப்பறைத் தாழ்ப்பாள் சரிசெய்யப்பட்டது. சந்தனமாரிக்கு ஒகர வரிசை. நான் அதிகம் பேசவில்லை.

அக்டோபர் 29, புதன்

இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொற்களைக் கூட்டிவிடுகிறாள். பல், படம், பட்டம். நான்காவது எழுத்து வந்தால் முதல் எழுத்து மறந்துவிடுகிறது. ஒரு வரிக்கு இரண்டு நிமிடம். ஜெபராணி டீச்சர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "என்ன பாகம் சார், போட்டிக்குத் தயார் பண்ணுதியளா?" என்றார். என் முழுப்பெயர் உமையொருபாகம். அதைச் சொல்லி முடிக்கும் பொறுமை இந்த ஊரில் யாருக்கும் இல்லை. "ஆமா டீச்சர்" என்றேன்.

நவம்பர் 4, செவ்வாய்

போட்டிக்கு அழைத்துப் போக ஒப்புதல் கைரேகை வைக்க சந்தனமாரியின் அம்மா சுயம்புக்கனி வந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மழை தொடங்கி உப்பளம் மூடியாயிற்று, ஆனாலும் கால் விரல்களுக்கு நடுவே வெடிப்பு ஆறவில்லை. புருசன் லாரிக்குப் போனவன், வந்தால் வருவான். வலது கண் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. கைரேகை வைக்க வேண்டிய இடத்தைத் தடவித் தேடினாள்.

கண்ணுக்கு என்ன என்று கேட்டேன். செப்டம்பரில் உப்பளத்துக்கே வந்து கண் முகாம் போட்டார்களாம், சீட்டு கொடுத்தார்களாம். "ஒண்ணும் பயமில்ல சார். சொட்டு மருந்து விடணுமாம், வெயில்ல கண்ணாடி போடணுமாம். சந்தனந்தான் வாசிச்சுச் சொன்னா. எங்க வீட்டுக்கு எந்தக் காயிதம் வந்தாலும் அவதான் வாசிக்கது." சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமையை நான் பார்த்தேன். சீட்டு இடுப்புப் பையில் மடித்து வைத்திருந்தது. வாங்கிப் பார்த்தேன்.

வலது கண்ணில் நீரழுத்தம் மிக அதிகம். இரண்டு வாரத்துக்குள் கட்டாயம் மருத்துவமனைக்கு வர வேண்டும். தவறினால் பார்வை போகும், திரும்ப வராது. செப்டம்பர் பதினான்காம் தேதி இட்டிருந்தது. இன்றோடு ஏழு வாரம்.

சந்தனமாரி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். வரிசையில் முன்னால் நின்றவர்களுக்கு நர்ஸ் சொன்னதைக் கேட்டிருக்கிறாள். கேட்டதை அப்படியே வாசித்திருக்கிறாள்.

"நாளைக்குக் காலையிலயே ஆஸ்பத்திரிக்குப் போங்க. தள்ளிப் போடக் கூடாது" என்றேன்.

"பிள்ள அப்படி வாசிக்கலியே சார்."

"டாக்டர்மார் கையெழுத்து. பெரிய ஆளுகளுக்கே புரியாது. சின்னப் பிள்ள என்ன செய்யும்?"

சீட்டு அச்சடித்த தமிழில் இருந்தது. தேதி மட்டும்தான் கையெழுத்து.

நவம்பர் 5, புதன்

சுயம்புக்கனி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். சந்தனமாரி வரவில்லை, அம்மா கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனதாக ஜெனிட்டா சொன்னாள்.

நவம்பர் 6, வியாழன்

டீச்சர் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ஒரு தாளை நீட்டினார். "பக்கத்து வட்டாரத்துல போட்டி போன வாரமே முடிஞ்சிட்டு. அங்க குடுத்த பக்கம் இதுதான். இங்கயும் இதையேதான் குடுப்பாவளாம். நம்ம பிள்ளைக்கு இதெல்லாம் தேவையில்ல, இருந்தாலும் ஒருவாட்டி பாத்துக்கட்டுமே."

டீச்சர் கெட்டவர் இல்லை. பள்ளிக்கு ஒரு பேர் வந்தால் இரண்டு மின்விசிறி கேட்கலாம் என்று நினைக்கிறார். தாளை வாங்கிக்கொண்டேன்.

நவம்பர் 7, வெள்ளி

மதியம் அந்தத் தாளை அவள் முன்னால் வைத்தேன். இரண்டு சொல்லைக் கூட்டினாள், மூன்றாவதில் நின்றாள். நிமிர்ந்தாள்.

"நீங்க ஒருவாட்டி வாசிங்க சார்."

வாசித்தேன். இரண்டு வரி வாசித்தேன். தாளைப் பார்க்காமலே, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அந்த இரண்டு வரியையும் அப்படியே சொன்னாள். அந்தக் குரல். மிச்சத்தையும் வாசித்தால் ஐந்து நிமிட வேலை. கோப்பை, சான்றிதழ், மைக் பிடித்து நாலு வார்த்தை. அம்மா கூட்டத்தில் உட்கார்ந்து கைதட்டுவாள், ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு. என்னால் மூன்றாவது வரிக்குப் போக முடியவில்லை.

"ஏன் சார் நிறுத்திட்டிய?"

தொண்டை சரியில்லை என்றேன்.

நவம்பர் 9, ஞாயிறு

தருவைவிளைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் வீடு தேடி வந்ததும் சுயம்புக்கனி பதறிப்போய்ச் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள். வலது கண்ணில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லையாம். சந்தனமாரி குடத்தோடு குழாயடிக்குப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று சொல்லத் தொடங்கினேன். பிள்ளைக்கு எழுத்து தெரியாது, கேட்டதைச் சொல்கிறாள், நான்தான் சொல்லிக் கொடுக்கவில்லை என்று.

அவள் ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவ வாசிக்கான்னுதான் சார் அந்தச் சீட்ட நான் வேற யார்ட்டயும் காட்டல" என்றாள்.

பிறகு, "டீ போடட்டுமா சார்?" என்று கேட்டாள். வேண்டாம் என்று எழுந்து வந்தேன். வண்டியை எடுத்துச் சாலைக்கு வந்தபின் ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன்.

நவம்பர் 10, திங்கள்

தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம். ஐந்து தடவை எழுதிக் கிழித்து, ஆறாவதைக் கொடுத்தேன். என்ன எழுதினேன் என்பதை இங்கே மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை.

டீச்சர் இரண்டு முறை படித்தார். முதலில் கோபம். நாலு நாள் இருக்கையில் இப்படிச் சொன்னால் யாரை அனுப்புவது, வருகிறவர்களுக்கெல்லாம் அவளைத்தானே காட்டினோம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"பாகம் சார், மொத வரி மட்டும் இருக்கட்டும். பிள்ளைக்குத் தெரியாதுங்கதோட நிறுத்திக்கிடுங்க. ரெண்டாவது வரி எதுக்கு? மேல போச்சுன்னா ஒங்க வேலைக்கே வினையாயிரும்."

"இருக்கட்டும் டீச்சர்" என்றேன்.

மதியம் சந்தனமாரியிடம் போட்டிக்கு அவள் போகவில்லை என்று சொன்னேன். ஏன் என்று கேட்கவில்லை. அம்மா சொல்லியிருப்பாள். வகுப்பு முடியும்வரை யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

ஜெனிட்டாவைக் கூட்டிக்கொண்டு போனோம். டீச்சர் சொன்ன அதே பக்கம்தான். ஜெனிட்டாவிடம் நான் அதைக் காட்டவில்லை. மேடையில் எழுத்துக்கூட்டி முக்கால் பக்கம் வந்தாள், அதற்குள் மணி அடித்துவிட்டார்கள். பரிசு இல்லை. ஒரு பேனாவும் லட்டும் கொடுத்தார்கள். ஆகஸ்டில் வந்த பெரியவர் என்னைத் தேடி வந்து, "அந்தப் பிள்ளை எங்க சார்?" என்றார். "அவளுக்கு வாசிக்கத் தெரியாது சார்" என்றேன். தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நகர்ந்துகொண்டார்.

நவம்பர் 20, வியாழன்

சந்தனமாரி ஒரு வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை. சாயங்காலம் ஜெனிட்டாவின் அம்மா சொல்லிவிட்டுப் போனாள். சுயம்புக்கனிக்கு வலது கண் இனிமேல் இல்லை. இடது கண்ணைக் காப்பாற்றிவிடலாமாம், மருந்தை விடாமல் போட்டால். கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாமே என்று டாக்டர் கேட்டாராம்.

நவம்பர் 21, வெள்ளி

மழை. விடுமுறை.

நவம்பர் 26, புதன்

வந்துவிட்டாள். சடை கோணலாக இருந்தது, தானே பின்னியிருக்கிறாள். கூட்டு வாசிப்பில் வாயைத் திறக்கவில்லை. முன்பெல்லாம் அவள்தான் முன்னால் நின்று சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். மதியம் மற்றவர்கள் போன பிறகு தானாகவே வராந்தாவில் வந்து உட்கார்ந்து சாக்பீஸை எடுத்தாள்.

"அம்மா எப்படி இருக்காவ?" என்று கேட்டேன்.

"சொட்டு மருந்து நான்தான் விடுதேன். எந்தக் குப்பி காலைல, எந்தக் குப்பி ராத்திரின்னு நர்ஸக்கா சொன்னாவ." நிறுத்தினாள். "குப்பில என்ன எழுதியிருக்குன்னு நானே பாக்கணும் சார். அதச் சொல்லித் தாங்க."

டிசம்பர் 2, செவ்வாய்

குப்பியின் காலி அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தாள், ஆஸ்பத்திரியில் தமிழில் அச்சடித்து ஒட்டிய சீட்டு அதில் இருந்தது. காலை, இரவு, இரண்டு சொட்டு, குலுக்கவும். இன்று முழுக்க அதுதான் பாடம். 'குலுக்கவும்' என்ற ஒரு சொல்லுக்கு அரை மணி நேரம். எழுந்து போகச் சொன்னேன், போகவில்லை. நான் இப்போது முதலில் வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிட்டேன். வகுப்பே அமைதியாகப் புத்தகத்தை வெறிக்கிறது. அந்த அமைதி எனக்குப் பெரிய கஷ்டமாக இருக்கிறது. நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு வந்த ஆத்திரமெல்லாம் என்மேல்தான். பத்தொன்பது எழுத்தோடு வந்தவள் மூன்றே மாதத்தில் இங்கே நிற்கிறாள் என்றால், ஒன்றாம் வகுப்பில் அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தால் எங்கே நின்றிருப்பாள்.

டிசம்பர் 9, செவ்வாய்

சத்துணவுக் கூடத்து உப்புப் பாக்கெட்டை எடுத்து வந்து, "சார், இதுல உப்புன்னு போட்டிருக்கு" என்றாள். "எங்கம்ம அள்ளுன உப்புக்கா இப்படிப் பேரு போட்டிருக்காவ?" ஆமாம் என்றேன். பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வேறு யார் பெயரெல்லாம் அதில் இருக்கிறது என்று கேட்டாள்.

டிசம்பர் 18, வியாழன்

அரையாண்டுத் தேர்வு. இரண்டாம் வகுப்புக்குத் தாள் போதவில்லை, ஆபீஸ் அறைக்குப் போய் வாங்கி வரச் சந்தனமாரியை அனுப்பினேன். என் கடிதம் வட்டார அலுவலகத்திலிருந்து, நேரில் வந்து விளக்கம் தர வேண்டும் என்ற குறிப்போடு திரும்பி வந்திருக்கிறது. டீச்சர் அதையும் வெள்ளைத் தாளோடு சேர்த்து அவள் கையிலேயே கொடுத்தனுப்பியிருக்கிறார். "அவளுக்கு என்ன தெரியப்போவுதுன்னு நெனைச்சிட்டேன் சார்" என்று பிறகு சொன்னார்.

ஆபீஸ் அறையிலிருந்து என் வகுப்புக்கு வராந்தாவில் நாற்பது தப்படி. பத்து நிமிடம் ஆகியும் ஆளைக் காணவில்லை. எட்டிப் பார்த்தேன். நடு வராந்தாவில் தூணோரம் நின்றிருந்தாள். கடிதம் விரிந்திருந்தது, உதடு அசைந்துகொண்டிருந்தது.

உள்ளே வந்து மேசை அருகே நின்றாள்.

"சார், இதுல எம் பேரு இருக்கு."

கையை நீட்டினேன். கொடுக்கவில்லை. தாளை என் மேசைமேல் வைத்து முதல் வரியின் கீழே விரலை ஊன்றினாள்.

"மூன்... றாம். வகுப்... பு. மாண... மாணவி. சந்தனமாரிக்கு."

அந்தக் கணீர்க் குரல் இல்லை. ஒல்லியாக, உடைந்து உடைந்து வந்தது. எச்சிலை விழுங்கிக்கொண்டாள்.

"வா... சிக்... கத். வாசிக்கத். தெரி... யாது."

இந்தக் கடிதத்தை யாரும் அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை. ஒருவரும் வாசித்துக் காட்டாத ஒரு முழு வரியை அவள் வாசித்து நான் கேட்டது இதுதான் முதல் தடவை. கைதட்ட வேண்டும் போலிருந்தது. அதே நேரத்தில், அடுத்த வரிக்கு அவள் விரல் இறங்குவதற்குள் தாளைப் பிடுங்கிவிட வேண்டும் என்றும் இருந்தது.

"போதும்மா. குடு" என்றேன்.

"இருங்க சார்." விரல் இறங்கியது. "இது. எனக்... குப். போன. வரு... டமே. தெரி... யும்."

மறுபடி முதலிலிருந்து அந்த வரியைச் சேர்த்துச் சொல்லிப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கினாள்.

"ஒங்களுக்குப் போன வருசமே தெரியுமா சார்?"

"தெரியும்."

"பொறவு ஏன் எங்கிட்டச் சொல்லல?"

தேர்வு எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள். பொய் எதுவும் கைவசம் இல்லை. "நீ நல்லா வாசிக்கன்னு எல்லாரும் என்னையப் பாராட்டுனாங்க. அது எனக்குப் பிடிச்சிருந்தது" என்றேன்.

அவள் அதை யோசித்தாள். கோபப்பட்ட மாதிரி தெரியவில்லை. கணக்கில் எங்கே தப்பு என்று பார்க்கும்போது இருக்கும் முகம்தான் இருந்தது.

"சொல்லியிருந்தியன்னா, அம்ம சீட்ட ஜெனிட்டாட்ட குடுத்திருப்பேன் சார். அவ மெதுவாத்தான் வாசிப்பா. ஆனா வாசிச்சிருவா."

குனிந்து மூன்றாவது வரியில் விரலை வைத்தாள். இன்னும் நாலு வரி இருந்தது. நீட்டிய கையை இழுத்துக்கொண்டு, அவள் வாசிப்பதைக் கேட்டேன்.